ரைட்டு மட்டும் மிச்சம்

கண்டக்டரம்மா தன் ஆயுளில் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் இல்லை. அவள் வேலை கிழிந்ததைத் தைப்பது. பேண்ட்டுக்கு ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிடித்துக் கொடுப்பாள், ஆள் இளைத்தாலும் பெருத்தாலும் பழைய சட்டையையே அளவுக்குக் கொண்டுவந்து விடுவாள். தெருவில் யார் எந்த வருஷம் எவ்வளவு பெருத்திருந்தார்கள் என்று டாக்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவளைத் தையல்காரம்மா என்று யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர், அதனால் அவள் கண்டக்டரம்மா. அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே அது நடந்தது. காலையில் முகம் கழுவப் போனவர் கையிலிருந்து சோப்பு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்டக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் கண்டக்டரம்மா காலர் மாற்றிக் கொடுத்தால் கூலி வாங்குவதில்லை. அவர் சும்மா வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று சண்டை போடுவார், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

உயிர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயைத் திறந்து அவர் முதலில் பேசியது நர்ஸிடம்.

"ஐயா, உங்க பேரு என்ன சொல்லுங்க."

"ரைட்டு."

"பேருங்க, பேரு."

"ரைட்டு."

"எங்கயாவது வலிக்குதா?"

"ரைட்டு."

நர்ஸ் கண்டக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டரம்மா கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு முறை முயன்றார், கழுத்து நரம்பு புடைத்தது, வந்தது என்னவோ அதே ரைட்டுதான். டாக்டர் வந்து பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி. கேட்பது புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், ஆனால் வார்த்தையாக வெளியே வராது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஏதாவது ஒன்று மட்டும் தானாக வந்துகொண்டிருக்கும். இவருக்கு இது நின்றிருக்கிறது.

ஆக, வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, ரைட்டு மட்டும் மிச்சம். இதை மருந்துக்கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்டக்டர்தான் முதலில் சிரித்தார், பாதி வாயால். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் கண்டக்டரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார்.

அவள் நன்றி சொல்வதில் கொஞ்சம் அதிகப்படி. டாக்டருக்குச் சொன்னாள், நர்ஸுக்குச் சொன்னாள், லிஃப்ட் இயக்குகிறவருக்கு ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் சொன்னாள். ஆனால் அவள் மனசார நன்றி சொன்னது அந்த வார்த்தைக்குத்தான். காரணம் பக்கத்துக் கட்டில். அங்கே படுத்திருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆயுள் முழுக்க ஒரு தப்பு வார்த்தை பேசாதவராம். அவருக்கும் இதே வியாதி. அவருக்கு மிச்சம் நின்றது ஒரு கெட்ட வார்த்தை. சாதாரணக் கெட்ட வார்த்தை இல்லை, காதில் விழுந்தால் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. எந்தக் காலத்தில் எந்தப் பையன்களைப் பார்த்து மனசுக்குள் சொல்லிச் சொல்லி அடக்கி வைத்திருந்தாரோ, இப்போது மகள் தண்ணீர் கொடுத்தாலும் அதுதான், பெரிய டாக்டர் வந்து கைகுலுக்கினாலும் அதுதான். பாவம், சொல்லிவிட்டு அவரே கண்ணை மூடிக்கொள்வார். அவர் மகள்கள் பார்க்க வருகிறவர்களையெல்லாம் வராந்தாவிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். கண்டக்டரம்மா அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்து வீட்டுக்காரரின் நெற்றியைத் தடவினாள். "எத்தனையோ வார்த்தை இருக்க, உங்களுக்கு நல்ல வார்த்தையா நின்னுச்சே, அது போதும்" என்றாள்.

"ரைட்டு" என்றார் அவர்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு கெட்டிக்கார வார்த்தை. எங்கேயோ பிறந்து கப்பலேறி வந்து நம் வாயில் குடியேறிய பிறகு அது செய்யாத வேலை இல்லை. சம்மதம் என்றால் ரைட்டு. கிளம்புகிறேன் என்றால் "அப்ப ரைட்டு". கடன் கேட்டு இல்லையென்று ஆனால் "ரைட்டு, விடு". பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் "ரைட்டு, போச்சு!" வாத்தியார் விடைக்குப் பக்கத்தில் போடுகிற குறி ரைட்டு, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத் திரும்ப வேண்டிய பக்கம் ரைட்டு, மிரட்ட வேண்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு "ரைட், பாத்துக்கறேன்". எதிராளி அளந்து விடுகிறான் என்றால் ஒன்றும் மறுத்துப் பேச வேண்டியதில்லை, தலையை ஆட்டி "ரைட்டு... ரைட்டு..." என்று இழுத்தால் போதும், அவனே நிறுத்திக்கொள்வான். ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தருவோம் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு குறை. அதை என்ன செய்தாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்ல வைக்க முடியாது.

அந்தக் குறை ஆரம்பத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டார்கள். கால்மாட்டில் தையல் மிஷின். கட்டிலின் இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் அவள் வந்து போக இடம். மிஷினை மிதித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொள்ளலாம். அவரும் நூல் கோத்திருக்கிறதா, துணியில் கோடு போடுகிற மாவுக்கட்டி உருண்டு கீழே விழுந்துவிட்டதா என்று பார்த்து ஒரு ரைட்டு விடுவார். கொஞ்ச நாளிலேயே அவளுக்கு அத்தனை ரைட்டும் பிடிபட்டுவிட்டது. குட்டையாக வந்தால் சரி. மேலே தூக்கினால் கேள்வி. மூக்கால் வந்தால் டீ ஆறிப்போய்விட்டது. ரெண்டு மூன்று வேகமாக வந்தால் பாத்ரூம், ஓடிவா.

புரிந்தவரைக்கும் நல்லதுதான். ஆனால் கண்டக்டரம்மாவுக்கு அது கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு அவளே மொழிபெயர்த்தாள். அவர் ஒரு ரைட்டு சொன்னால் அவள் ஒரு பக்கத்துக்குச் சொன்னாள். "இந்த வெயில்ல ஏன் வந்தீங்கன்னு கேக்கறார். போன தடவை வந்தப்ப உங்க முழங்கால் வலின்னீங்களே, அது தேவலையான்னு கேக்கறார்." வந்தவர் நெகிழ்ந்து போவார். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை விளையாட்டாக, "கண்டக்டரம்மா, ஒரு டிக்கெட்ல ஊரையே ஏத்திட்டுப் போறீங்களே" என்றார். கட்டிலிலிருந்து ஒரு நீளமான ரைட்டு வந்தது. "பாருங்க, உங்களுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றார்" என்றாள் அவள்.

அவளுக்குப் பிடிக்காத சித்தப்பா ஒருவர் வந்து ரெண்டு நாள் தங்கட்டுமா என்று கேட்டபோது, "அவர் இப்ப வேணாம், உடம்பு தேறட்டும்ங்கறார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டிவியில் எதைப் பார்ப்பது என்பதிலும் அவள் விருப்பமே அவர் வாயிலிருந்து ரைட்டாக வந்தது. குளிப்பாட்டிவிட ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று மகன் ஃபோனில் சொன்னபோது, "அப்பா வேற ஆள் கை வைக்க விடமாட்டார்டா" என்று ஒரே போடாகப் போட்டாள். அவரைக் கேட்டாளா என்றால், கேட்கவில்லை.

அவளே தினமும் நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, துடைத்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். ஒருநாள் அப்படித் தூக்கும்போது ஈரத்தில் கால் வழுக்கியது. அவரை விடாமல் பிடித்துக்கொண்டதால் அவருக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. ரெண்டு பேரும் பாத்ரூம் தரையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி கிடந்தார்கள். அவர் ரைட்டு ரைட்டு என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைக்காத குறையாக வந்து தூக்கினார்கள். அந்தக் கத்தலுக்கும் அவள் பிறகு நன்றி சொன்னாள்.

மகன் வந்தான். வேறு ஊரில் ஆபீஸ் வேலை, வந்து போவதே பெரிய பாடு. நல்ல பிள்ளை, அதில் சந்தேகமே வேண்டாம். பயந்துபோயிருந்தான், அவ்வளவுதான். பயந்த பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சட்டம் பேசுவார்கள். அவன் வரும்போதே எல்லாம் விசாரித்து முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். அவன் ஊரில் இந்த மாதிரி நோயாளிகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. காற்றோட்டமான அறை, நாள் தவறாமல் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தூக்க இறக்க ஆட்கள். அவன் தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது போய்ப் பார்ப்பான். நோயாளி மட்டும்தான் தங்கலாம், கூட ஆள் தங்க முடியாது. அம்மா இங்கே இருந்து இடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

"எத்தன நாளைக்குடா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் இப்ப எப்படிம்மா சொல்றது? அங்க போய்ப் பழகிட்டார்னா அப்புறம் பாக்கலாம்."

பழகிவிட்டால் என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. கட்டிலில் இருப்பவரைப் பார்த்தாள். அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை சொன்னான். நியாயமாகத்தான் சொன்னான்.

"என்னப்பா, போலாமா?"

"ரைட்டு" என்றார் அவர். பட்டென்று வந்தது. குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. சொன்ன கையோடு இடது உள்ளங்கையால் சுவரில் ஒரு அறை அறைந்தார்.

"என்னம்மா, கொசுவா?"

"சாயங்காலம் ஆனா வந்துடுது. அடிக்கடி இப்படித்தான் அடிக்கறார். வலை கட்டியும் பிரயோஜனம் இல்ல" என்றாள் அவள்.

மகன் எழுந்தான். "நீதானே அப்பா சொல்றதெல்லாம் புரியும்ப. சொல்லு, என்ன சொல்றார்? உனக்கு வேற மாதிரி தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடு. நான் பிடிவாதம் பிடிக்கல."

கண்டக்டரம்மாவுக்கு நாக்கின் நுனியில் இருந்தது. வேணாம்ங்கறார். ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் மகன் நம்பியிருப்பான், ஊரே நம்பியிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து அவளுக்கு அவள்மீதே சந்தேகம் வந்துவிட்டது. சித்தப்பா விஷயத்தில் வேண்டாம் என்றது யார்? டிவி விஷயத்தில் வேண்டாம் என்றது யார்? இப்போதும் அவர் போகக்கூடாது என்று தவிப்பது அவள்தானே. தன் தவிப்பை அவர் வாயில் வைத்துப் பேசி, கிடைக்கிற வைத்தியத்தையும் கெடுத்துவிட்டால்? அவருக்கு அங்கே போய் நடக்க வந்துவிட்டால்? ஒருவேளை இவள் பிடித்து இழுப்பதும் தூக்குவதும் விழுவதும் அவருக்கே அலுத்துப்போயிருந்தால்? இத்தனை நாளும் விடாமல் மொழிபெயர்த்தவளுக்கு, வேண்டிய நேரத்தில் வாய் அடைத்துக்கொண்டது.

"ரைட்டுங்கறார்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

அன்றைக்கு அவள் அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்து, பட்டனைப் பிய்த்து எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டை வைத்துத் தைத்தாள். அங்கே இருக்கிற ஆட்களுக்குப் பட்டன் போட்டுவிட நேரம் இருக்காது. இடுப்பு வலியோடு அவள் மிஷின் மிதிப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ரைட்டு ரைட்டு என்றார். சுவரை அறைந்தார். அவள் எழுந்து போய்க் கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைத்தாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றுகிற மாதிரிப் பின்பக்கம் சரிவுப்பலகை வைத்த வேன். வேன்காரர் நடுத்தர வயது, பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் பேசுகிறவர். நாற்காலியை ஏற்றி, பெல்ட்டால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு முன்னால் போனார். கண்டக்டரின் இடதுகைப்பக்கம் வேனின் தகரச் சுவர். மகன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கண்டக்டரம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூடாது என்று இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று வேனின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாம்" என்றான் மகன்.

வேன் உறுமிக் கிளம்பியது. உள்ளேயிருந்து "ரைட்டு" என்று சத்தம் கேட்டது. கூடவே தகரத்தில் டம் என்று ஒரு தட்டு.

வேன் நின்றது.

"என்னாச்சு?" என்றான் மகன்.

"நிறுத்தச் சொன்னாங்களே" என்றார் வேன்காரர்.

"யாரும் சொல்லலையே. போங்க."

மறுபடி கிளம்பியது. மறுபடி டம். வேன் குலுங்கி நின்றது. மகனின் நெற்றி கண்ணாடியில் இடித்துக்கொள்ளப் பார்த்தது.

"என்னங்க இது? அப்பாதான் ரைட்டு ரைட்டுங்கறாரே, போய்ட்டே இருங்களேன்!"

வேன்காரர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "சார், வாய் ரைட்டுங்குது, கை நிறுத்துங்குது. நான் கையத்தான் கேப்பேன். பத்து வருஷம் டவுன் பஸ் ஓட்டினவன் நான். ஒரு தட்டு தட்டினா நிறுத்து, ரெண்டு தட்டினா போ. கூட்டத்துல கண்டக்டர் வாயால கத்தறது எவனுக்குக் கேக்கும்? தட்டறதுதான் கேக்கும். ஒரு தட்டு விழுந்தா என் கால் என்னக் கேக்காமலே பிரேக்குக்குப் போயிடும். நானே நினைச்சாலும் போக முடியாது." பிறகு ஏதோ பொறி தட்டினாற்போலப் பின்னால் திரும்பினார். "ஐயா என்ன வேலைல இருந்தார்?"

மகன் கேட்டருகே நின்ற அம்மாவைப் பார்த்தான். கண்டக்டரம்மாவுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. காரைச் சுவரில் எத்தனை அறை அறைந்திருப்பார். அதெல்லாம் கொசு என்று வலை கட்டி, சுருள் ஏற்றி, மனிதரைப் புகையில் வேறு படுக்க வைத்திருக்கிறாள். "ஐயோ, பாவி நானு" என்று வாய்விட்டே சொன்னாள். வலித்த இடுப்பை மறந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்து வேனுக்குள் ஏறி அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னங்க, அங்க போகணுமா உங்களுக்கு?"

டம்.

"வீட்டுலயே இருக்கணுமா?"

டம் டம்.

அவள் அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மகன் இறங்கி வந்து அந்தக் கதவருகே நின்றான். அவன் முகம் சிறுபிள்ளை முகம் போல ஆகிவிட்டது. அப்பா படுத்ததிலிருந்து அவன் அவரைப்பற்றி அம்மாவிடம் பேசியிருக்கிறானே தவிர, அவரிடம் பேசிப் பதிலுக்குக் காத்திருந்தது குறைவு. "அப்பா, என்மேல கோவமா?" என்றான்.

டம். உடனே, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே தட்டு.

அந்தச் சந்தோஷத்தில் கண்டக்டரம்மாவுக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது. எழுந்து நின்று, "பாத்தியாடா, நான் பாத்துக்கறேன்னு அப்பவே சொன்னேன். அவருக்கு எங்கையால குளிச்சாத்தான்..." என்று ஆரம்பித்தாள். மகன் கையமர்த்தினான். "இரும்மா, அவரையே கேப்போம். அப்பா, குளிப்பாட்டித் தூக்கிவிட வீட்டுக்கு ஒரு ஆள் வரட்டுமா?"

டம் டம். ரெண்டாவது தட்டு முதல் தட்டைவிட பலமாக இருந்தது.

கண்டக்டரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன், நான் தேய்ச்சுவிடறது பத்தலையா?" என்றாள். அவர் கையை நீட்டி அவள் இடுப்பில், வலிக்கிற இடத்தில், மெல்ல வைத்தார். "ரைட்டு" என்றார். அவளுக்கு அதற்குமேல் சண்டை போட ஒன்றும் இல்லை. அவர் வேற ஆளைத் தொட விடமாட்டார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க, அவள் முதுகு ஒடிவதைப் பார்த்துக்கொண்டு நிறுத்து நிறுத்து என்று அந்த மனிதர் சுவரை அறைந்துகொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. தனக்காக ஒருவர் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தார் என்று தெரிவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

வேன்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு முழுக்க வண்டி உங்களுதுதான் சார். வந்தது வந்தாச்சு, ஐயாவ ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் வரலாமா? வீட்டுக்குள்ளயே கிடந்திருப்பார்."

யாரும் பதில் சொல்வதற்குள் டம் டம் என்று விழுந்துவிட்டது.

கண்டக்டரம்மா அவர் பக்கத்திலேயே மடக்கு ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவர் பஸ்ஸில் ஏறியதே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள். "நீ ஏறினா நான் டிக்கெட் குடுக்கறதா, உன்னப் பாத்துட்டு நிக்கறதா? சில்லறை தப்பாப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அதை அவள் கேலி என்று எடுத்துக்கொள்வதா, பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அதோடு விட்டுவிட்டாள். இப்போது வேன் பெரிய சாலைக்கு வந்ததும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஸ்டாப்பைப் பார்த்தார், ஒரு தட்டு. வேன்காரர் சிரித்துக்கொண்டே ஓரம் கட்டினார். ஸ்டாப்பில் நின்றவர்கள் விழித்தார்கள். பையோடு நின்ற ஒரு அம்மாள் நிஜமாகவே ஏற வந்துவிட்டாள். மகன் எட்டிப் பார்த்து, "இல்லிங்க, இது பஸ் இல்லிங்க, மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட வேண்டியதாயிற்று. அதற்குள் ரெண்டு தட்டு. அடுத்த ஸ்டாப்பில் ஒன்று, பிறகு ரெண்டு. மகன் முதலில் கூச்சப்பட்டான், பிறகு அவனும் முன்னாலிருந்து "எடம் இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். கண்டக்டர் பாதி வாயால் சிரித்த சிரிப்பில் எச்சில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வேன்காரரின் காலுக்குச் சொல்வதா, அந்தத் தகரத்துக்குச் சொல்வதா, வாய் கைவிட்ட பிறகும் எதையும் மறக்காமல் வைத்திருந்த அந்த இடது கைக்குச் சொல்வதா?

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது வேன் கேட்டுக்கு முன்பாகவே நின்றது. சாக்கடை மூடி மேடாக இருப்பதால் அங்கே சரிவுப்பலகையை இறக்க முடியாது, கொஞ்சம் முன்னால் போய்ச் சமதரையில் நிறுத்த வேண்டும். கேட்டைத் திறந்து வைக்கிறேன் என்று கண்டக்டரம்மா பக்கவாட்டுக் கதவு வழியாக முதலில் இறங்கினாள். மகன் ஏற்கனவே இறங்கி வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். இடுப்பு சுளுக்கென்று இழுத்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே பாதியில் நின்றுவிட்டாள். வேன்காரருக்கு அவள் நின்றது தெரியவில்லை. இறங்கிவிட்டாள் என்று எண்ணி வண்டியை நகர்த்தப் போனார்.

டம்.

வேன் அசையாமல் நின்றது. கண்டக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து கழுத்தை எக்கி, அவள் முகத்தை இல்லை, அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கை தகரத்தில் அழுந்தியிருந்தது. அவசரப்படுத்தவில்லை. அவள் ஒரு காலை இறக்கினாள். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த காலையும் இறக்கினாள். ரெண்டு காலும் தரையில் ஊன்றியதைப் பார்த்த பிறகுதான் அவர், "ரைட்டு" என்று சொல்லி, ரெண்டு தட்டுத் தட்டினார்.